பிரம்பு பற்றிக் கேளுங்கள்

ஹட்டனில் சின்னதாகப் பிரம்புப் பட்டறை வைத்திருக்கிறேன், படித்தது இரசாயனவியல். கேளுங்கள்.

பதுளை: ஒரே கடையில் வாங்கிய இரண்டு கதிரைகள். ஒன்று மட்டும் ஆறு மாதத்தில் மாவாகக் கொட்டுகிறது. ஏன்?

மாவாகக் கொட்டுவது வண்டு துளைப்பதால். வண்டுக்கு வேண்டியது பிரம்பிலுள்ள மாவுச்சத்து. இளம் பிரம்பிலும் நுனியிலும் நார்ச்சுவர் மெலிந்திருக்கும். அடிப்பக்கம் கனமாகவும் உறுதியாகவும் இருக்கும். அந்தக் கதிரைக்கு மலிவான நுனிதான் வந்திருக்கிறது. வாங்கும்போது வெட்டுமுனையில் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். மஞ்சள்பழுப்பு நிறம் கண்ணெதிரே நீலக்கறுப்பாக மாறினால் மாவுச்சத்து ஏராளம் என்று அர்த்தம். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

நுவரெலியா: வார்னிஷ் அடித்தால் உரிந்துபோகிறது.

தோலில் சிலிக்கா இருக்கிறது, கத்தியையே மழுக்கும். உப்புத்தாளால் உரசிவிட்டு அடியுங்கள். ஆனால் ஈரத்தோடு மூடாதீர்கள்.

தலவாக்கலை: வார்னிஷுக்குப் பிறகு கருநீலப் புள்ளிகள் வருகின்றன.

ஈரத்தோடு மூடாதீர்கள் என்றேனே! அது பூஞ்சணம். நம் மூட்டத்தில் வெயிலுக்குக் காத்திருந்தால் முடியாது. இந்தோனேசியாவில் டீசலும் தேங்காயெண்ணெயும் கலந்து பிரம்பைக் கொதிக்கவைக்கிறார்கள். நீரும் மெழுகும் வெளியேறிவிடும். வீட்டு அடுப்பில் முயலவேண்டாம், அக்கா.

மஸ்கெலியா: தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது, தம்பி. எங்கள் அப்பா சொன்னது.

ஐயா, மாவுச்சத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் முதிர்ச்சியும் பருவமும். சந்திரன் அல்ல.

மஸ்கெலியா: அப்பா வெட்டிய கொழுந்துக்கூடை முப்பது வருடம் இருந்தது.

அப்பா முதிர்ந்த பிரம்பாகப் பார்த்து வெட்டியிருப்பார்! அடுப்படியில் தொங்கிப் புகை குடித்த கூடைதானே அது?

மஸ்கெலியா: ஆமாம், அடுப்புக்கு மேலேதான். ஆனாலும் தேய்பிறைதான்.

கண்டி: நல்ல சாமான் எங்கே கிடைக்கும்?

கொழும்பு–கண்டி வீதியில் வேவல்தெனியவில் இறங்குங்கள். அயோடினையும் எடுத்துப்போங்கள்.

பண்டாரவளை: வார்னிஷ் எது நல்லது?

மேலே பாருங்கள். ஈரம்!

மஸ்கெலியா ஐயா, ஒரே புதரில் அமாவாசைக்கு ஒன்று, பௌர்ணமிக்கு ஒன்று வெட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டும் ஒரே முதிர்ச்சி, ஒரே உயரத்துத் துண்டு. அயோடின் என்னுடையது. இரண்டும் ஒரேமாதிரி கறுத்தால் தேத்தண்ணி உங்கள் கணக்கு.