ஆளில்லாத வீடு எத்தனை நாள் ஓடும்?

கேள்வி: குடியிருந்தவர்கள் போன பின்பும் நேரத்துக்கு விளக்கேற்றி, தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டு, இரவில் கதவைப் பூட்டிக்கொள்ளும் தானியங்கி வீடுகள் அறிவியல் கதைகளில் வருகின்றன. அப்படி ஒரு வீடு உண்மையில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?
– வாசகர், சேலம்

பதில்: வீட்டுக்காரர் மட்டும் இல்லையா, ஊரே காலியாகிவிட்டதா என்பதைப் பொறுத்தது அது. வீட்டுக்காரர் மட்டும் இல்லையென்றால், மின்கட்டணமும் இணையக் கட்டணமும் வங்கிக் கணக்கிலிருந்து தாமாகக் கழிந்துகொண்டிருக்கும்வரை அவர் இல்லாதது வீட்டுக்குத் தெரியவே தெரியாது. பணம் தீரும்வரை விளக்குகள் குறித்த நேரத்தில் எரிந்து அணையும்.

ஊரே காலியானால், மின்நிலையங்களைக் கவனிக்க ஆளின்றி விரைவிலேயே மின்சாரம் நின்றுவிடும். கூரையில் சூரியத் தகடு இருக்கிறதே என்பீர்கள். மின்கம்பியில் வேலை செய்பவர்களுக்கு ஆபத்து நேரக்கூடாது என்பதற்காக, வெளி மின்சாரம் நின்ற சில நொடிகளில் தானும் நின்றுவிடும்படிதான், தகட்டை வெளி மின்கம்பியோடு இணைக்கும் சாதாரண சூரிய இன்வெர்ட்டர் அமைக்கப்பட்டிருக்கிறது. பேட்டரியோடு தனித்து இயங்கும் ஏற்பாடு உள்ள வீடு மட்டும் கூடுதலாகத் தாங்கும்.

ஆனால் நடைமுறையில் நாம் அதிகம் கண்டது இதற்கு நேர்மாறானது: ஆள் இருக்கிறார், வீடு செத்துப்போகிறது. அமெரிக்காவில் சுமார் 300 டாலருக்கு விற்ற ‘ரிவால்வ்’, வீட்டு விளக்குகளையும் பிற சாதனங்களையும் இயக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. அதன் நிறுவனத்தை 2014-இல் விலைக்கு வாங்கிய, கூகுளைச் சேர்ந்த நெஸ்ட் நிறுவனம், பெட்டி இணையம்வழி நம்பியிருந்த சர்வரை (தொலைதூரக் கணினியை) 2016 மே மாதம் நிறுத்தியபோது, எந்தப் பழுதும் இல்லாத பெட்டிகள் ஒரே நாளில் பயனற்றுப் போயின. 2022 ஏப்ரலில் ‘இன்ஸ்டியான்’ என்ற தானியங்கி வீட்டுச் சாதன நிறுவனம் முன்னறிவிப்பின்றிச் சர்வர்களை மூடியபோதும் செயலிகள் முடங்கின. பிறகு வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து அந்நிறுவனத்தை வாங்கி மீட்டார்கள். வீட்டின் மூளையை வெளியூரில் வைத்துவிட்டு அதைத் தானியங்கி என்று விற்பது எனக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது.

நீங்கள் கேட்டதற்கு மிக நெருங்கி வந்தவை வீடுகளல்ல, கலங்கரை விளக்கங்கள். ஆளற்ற ஆர்க்டிக் கடலோரத்தில் சோவியத் ஒன்றியம் நிறுவிய பல கலங்கரை விளக்கங்கள், ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் சிதையும்போது எழும் வெப்பத்திலிருந்து மின்சாரம் பெற்றன. அதன் அரையாயுள், அதாவது அது பாதியாகச் சிதைய ஆகும் காலம், சுமார் 29 ஆண்டுகள் என்பதால், 1991-இல் நாடே கலைந்த பின்பும், யாரும் எட்டிப்பார்க்காத இடங்களில்கூட அவற்றின் மின்கலங்கள் சூடாகவே இருந்தன. சிலவற்றை உலோகத் திருடர்கள் பிரித்துப்போட்டார்கள். மற்றவற்றில் பலவற்றை நார்வே முதலிய நாடுகளின் நிதியுதவியோடு ரஷ்யா அகற்றி, அவ்விடங்களில் சூரியத் தகடுகளைப் பொருத்தியது.