மைலைக் கேட்டா மணிக்கூட்டைக் காட்டுறான்

வாசகர் கேள்வி பதில்: லொறியும் றோட்டும்

கேள்வி: என்ட தம்பி ஸ்காபரோவில இருந்து அமெரிக்காவுக்கு ட்ரக் ஓடுறான். மைல் கணக்கிலதான் காசு. ஒரு கிழமை 2900 மைல் எண்டுவான், அடுத்த கிழமை 1900 எண்டுவான். ஏனடா எண்டு கேட்டா “மணி முடிஞ்சுது அக்கா, படுத்துக் கிடக்கிறன்” எண்டுறான். ஓடத் தெரிஞ்ச ஆளுக்கு மணி எப்பிடி முடியும்? சாட்டுச் சொல்லுறானா?
– வாசகி, உப்புவெளி

பதில்: சாட்டில்லத் தங்கச்சி, அவன் சொல்லுறது சரிதான். அமெரிக்கச் சட்டப்படி 10 மணித்தியாலம் தொடர்ந்து ஓய்வெடுத்த பிறகுதான் ட்ரைவர் வண்டியில ஏறலாம், ஏறி வேலையத் தொடங்கின நிமிசத்தில இருந்து 14 மணித்தியாலக் கணக்கு ஓடத் தொடங்கிடும், அந்த 14க்குள்ள ஸ்டியரிங் பிடிக்கக் கூடினது 11 மணித்தியாலம் மட்டும். 8 மணித்தியாலம் ஓடிட்டா அரை மணி நிப்பாட்டவும் வேணும். இதெல்லாம் ஒரு நாளுக்கு. இதுக்கு மேல 8 நாளுக்குள்ள 70 மணித்தியாலம் எண்டு இன்னொரு பூட்டு இருக்கு (7 நாளுக்கு 60 எண்டு ஓடுற கொம்பனிகளும் உண்டு), வண்டி செக் பண்றது, டீசல் அடிக்கிறது, சாமான் ஏத்த நிக்கிறது எல்லாமே இந்த 70க்குள்ள வரும்.

ஆள அறுக்கிறது அந்த 14தான். ஒருக்கா தொடங்கினா சாதாரணமா நிக்காது, நீங்க சாப்பிட்டாலும் ஓடும் டயர் காத்துப் போனாலும் ஓடும். விடிய 6 மணிக்கு வெளிக்கிட்டு 8 மணிக்கு ஒரு வேர்ஹவுசுக்குப் போறான் எண்டு வையுங்க, அங்க வரிசையில நிண்டு சாமான் இறக்கி வெளிய வர பின்னேரம் 1 மணி. 14 முடியிறது இரவு 8க்கு. ஓட அவனிட்ட இன்னும் 9 மணித்தியாலம் மிச்சம் இருக்கு, ஆனா நேரம் 7தான் இருக்கு. மணிக்குச் சராசரி 55 மைல் போட்டுப் பாத்தா அந்த 2 மணித்தியாலத்தோட 110 மைல் போச்சு. வேகமாப் போய்ப் பிடிக்கலாமே எண்டு கேக்காதீங்க, ஒன்ராறியோவில பெரிய ட்ரக்குகளுக்கு 105 கிலோமீற்றருக்கு மேல போகாதபடி பூட்டிவைக்கோணும் எண்டு 2009ல இருந்து சட்டம்.

எனக்கு இதில கோவம் வாற இடம் ஒண்டு இருக்கு. சட்டம் மணிய எண்ணுது, கொம்பனி மைலை எண்ணுது. வேர்ஹவுஸ்காரன் தின்ன அந்த 5 மணித்தியாலத்துக்கு கன இடத்தில சதக்காசும் இல்ல, இல்லாட்டி கொஞ்ச நேரம் சும்மா நிண்ட பிறகுதான் ஏதும் குடுப்பாங்கள். மாநிலம் விட்டு மாநிலம் ஓடுற ட்ரைவர்களுக்கு அமெரிக்க மத்திய சட்டத்தில ஓவர்டைம் கட்டாயமும் இல்ல. 1900 மைல் கிழமையில உங்கட தம்பி கூட வேலை செய்திருப்பானே தவிரக் குறைய வேலை செய்திருக்க மாட்டான்.

கேள்வி: நான் இங்க துறைமுகப் பக்கம் கொன்டெய்னர் ஓடுறன், வெளிநாடு போற யோசினை இருக்கு. 70 மணிய மளமளவெண்டு ஓடி முடிச்சிட்டு ஓய்வெடுக்கிறது நல்லதா, இல்லாட்டி நாளுக்குக் கொஞ்சமா ஓடுறதா?
– வாசகர், கிண்ணியா

பதில்: நல்ல கேள்வி தம்பி, அங்க ட்ரைவர்மாரும் இதுக்காகத்தான் சண்டைபிடிக்கிறவங்கள். முதல் வழி, 70ஐ 8ஆலப் பிரிச்சா 8 மணித்தியாலமும் முக்காலும் வரும். நாளுக்கு அவ்வளவோட நிப்பாட்டினா நள்ளிரவு தாண்ட எட்டு நாளைக்கு முந்தி வேலை செய்த மணி திரும்பி வந்துகொண்டே இருக்கும், முழுசா நிக்கவே தேவையில்ல. நாளுக்கு ஒரு மணித்தியாலத்த செக் பண்ண, டீசல் அடிக்க எண்டு கழிச்சு, மணிக்கு அதே 55 மைல் போட்டா கிழமைக்கு 2980 மைல் மட்டில வரும்.

ரெண்டாவது வழி, நாளுக்கு 11 மணித்தியாலம் ஓட்டமும் ஒரு மணித்தியாலம் மற்ற வேலையும் எண்டு அடிச்சா ஆறாம் நாள் பின்னேரம் 70 முடிஞ்சிடும். பிறகு தொடர்ந்து 34 மணித்தியாலம் ஓய்வு, கணக்கு முழுசா அழிஞ்சு புதுசாத் தொடங்கும். இப்பிடி 3500 மைல் மட்டும் போகலாம் எண்டு கணக்குச் சொல்லும். ஆனா அது பேப்பர்ல. கையில லோட் இருக்கோணும், பனி, போடர்ப் பாலத்தடி வரிசை ஒண்டும் வரக்கூடாது, 34 மணித்தியாலம் எங்கயோ தெரியாத ஊர்ப் பெட்ரோல் செட்டில நாறிக் கிடக்காம வீட்டு வாசல்ல நிக்கோணும். லோட் நிறைய இருந்து ஓய்வும் வீட்டில விழும் எண்டா ரெண்டாவது, இல்லாட்டி முதலாவதுதான் எண்டது என்ட எண்ணம்.

கனடாக் கணக்கு வேற, மறந்திடாத. அங்க 13 மணித்தியாலம் ஓடலாம், 7 நாளுக்கு 70, அழிக்க 36 மணித்தியாலம். பாலம் தாண்டினா அமெரிக்கச் சட்டம், கனடாவில ஓடினதும் அதுக்குள்ள சேரும். அதாலதான் போடர் தாண்டுறவங்கள் ரெண்டுக்கும் சேத்து 36 எடுக்கிறது.

இன்னொரு வித்தை சொல்லுறன். வேர்ஹவுசில காத்திருக்கிற நேரம் உண்மையாவே வேலையில இருந்து விட்டிட்டாங்கள் எண்டா, ட்ரைவர் சீற்றுக்குப் பின்னுக்கு இருக்கிற கட்டில்ல படுத்து அதை ஓய்வாப் பதியலாம். 2 மணித்தியாலத்துக்குக் குறையாம அங்க ஒரு துண்டு, பிறகு கட்டில்ல 7 மணித்தியாலத்துக்குக் குறையாம ஒரு துண்டு, ரெண்டும் சேர்ந்து 10 வந்தாச் சரி. அந்தத் துண்டு ரெண்டும் 14க்குள்ள எண்ணப்படாது. 7 எண்டு குறைச்சது 2020ல, முந்தி 8. மேல சொன்ன தம்பி இதைச் செய்திருந்தா அந்த 110 மைலும் போயிருக்காது.

கேள்வி: இந்த மணியப் பதியிற மெஷினை ஏமாத்தேலாதா?
– வாசகர், மூதூர்

பதில்: கொப்பியில எழுதின காலத்தில ரெண்டு கொப்பி வச்சிருந்த ஆக்கள் இருந்தவங்கள். அமெரிக்காவில 2017 டிசம்பர்ல இருந்து எஞ்சினோட இணைச்சு மணியப் பதியிற இ.எல்.டி. எண்ட மெஷின் கட்டாயம், மணிக்கு 5 மைலைத் தாண்டின உடனயே ஓட்டம் எண்டு தானாப் பதியும். நித்திரை கொள்ளாம ஹபரணை றோட்டில யானை நிக்கிறது தெரியாம ஓடினவங்களக் கேளுங்க, அந்த மெஷின் ஏன் வேணும் எண்டு சொல்லுவாங்கள்.

கேள்வி: திருகோணமலையில இருந்து கொழும்புக்குப் போறதே எங்களுக்கு ஒரு நாள் வேலை. அங்க ஒரே நாளில எவ்வளவு தூரம்?
– வாசகர், கந்தளாய்

பதில்: இங்க கொழும்புக்கு 260 கிலோமீற்றர் மட்டில. டொரன்டோவில இருந்து சிக்காகோ கிட்டத்தட்ட 520 மைல், அதாவது 830 கிலோமீற்றருக்கு மேல. 55 மைல் சராசரிக்கு ஒன்பதரை மணித்தியாலம், 11க்குள்ள முடியும், போடர்ல இழுக்காட்டி. இருட்டினா பார்க்கிங் கிடைக்காது, அதால விடிய 3, 4 மணிக்கே வெளிக்கிட்டுப் பின்னேரமே இடம் பிடிச்சுப் படுக்கிறவங்கள்தான் அடுத்த நாளும் ஒழுங்கா ஓடுவாங்கள். மணி முடிஞ்ச பிறகு இடம் தேடி அலைஞ்சா பொதுவா அதுவும் குற்றம்.

கேள்வி (திரும்பவும் உப்புவெளி வாசகி): நான் இரவில போன் எடுத்தா எடுக்கிறானில்ல. எப்ப எடுக்கலாம்?

பதில்: கோடை காலத்தில டொரன்டோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு. அவன் விடிய 4க்கு வெளிக்கிட்டா எங்களுக்குப் பகல் ஒண்டரை, நீங்க இரவு 9க்கு எடுக்கிற நேரம் அங்க பகல் பதினொண்டரை, நெடுஞ்சாலையில நடு ஓட்டம். ஒரு மணிக்கு முன்னம் பின்னம் சோத்தை வச்சிட்டு எடுங்க, தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிப்பான். பனிக்காலத்தில ஒரு மணித்தியாலம் கூட்டிப் பாருங்க.