புளூ ஜேய்ஸ் ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு: உள்ளே சாப்பாட்டு விலைக்கு என்ன வழி?

தம்பி, நீங்கள் கேட்டது இது. ரொறொன்ரோ வந்து சில மாதம்தான் ஆகிறது. வேலையிடத்தில் எல்லோரும் புளூ ஜேய்ஸ் பேஸ்போல் ஆட்டம் ஒன்றாவது பார்க்கச் சொல்கிறார்கள். மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் போக ஆசை, ஆனால் அவர்கள் ஆடும் றொஜர்ஸ் சென்ரர் மைதானத்துக்குள் விற்கும் சாப்பாட்டு விலையைக் கேட்டதும் தயங்கிவிட்டீர்கள். மனைவி சைவம். என்ன செய்யலாம்?

வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். ஒளித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை, மைதான விதியிலேயே அனுமதி இருக்கிறது. இது தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் பசியோடு போய் உள்ளே காசைக் கொட்டுகின்றன. ஐஸ் ஹொக்கியும் கூடைப்பந்தும் நடக்கும் ஸ்கோஷியாபாங்க் அரீனாவில் வெளிச் சாப்பாட்டை விடமாட்டார்கள். சினிமாவிலும் அப்படித்தான். அதனால் இங்கேயும் அதே கதை என்று நினைத்துவிடுகிறார்கள்.

இரண்டுக்கும் ஏன் இந்த வித்தியாசம் என்றால், ஹொக்கியில் ஒரு பருவத்துக்கு உள்ளூரில் நாற்பது சொச்சம் ஆட்டம், பத்தொன்பதாயிரம் அளவில் இருக்கை. எந்த விலை வைத்தாலும் ரிக்கெற் விற்றுவிடும். பேஸ்போலில் உள்ளூரில் மட்டும் 81 ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் நாற்பதாயிரம் இருக்கை அளவில் நிரப்ப வேண்டும். செவ்வாய், புதன் இரவுகளில் குடும்பங்கள் வராவிட்டால் இருக்கைகள் காலியாகக் கிடக்கும். அதனால் மலிவு ரிக்கெற்றும் வைக்கிறார்கள், சாப்பாட்டுப் பையையும் விடுகிறார்கள். அணியும் றொஜர்ஸ் நிறுவனத்துடையது, கட்டடமும் அவர்களுடையதே. ரிக்கெற்றில் குறைத்ததை பியரிலும் ஹொட்டோக்கிலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. ஒருமுறை உள்ளே வந்தவர் வெளியே போய்த் திரும்ப வரமாட்டார், உள்ளே போட்டிக் கடையும் இல்லை. மூன்று மணி நேர வியாபாரத்துக்காக நூற்றுக்கணக்கான ஆட்களை வேலைக்கு வைக்கும் செலவும் அந்த விலையில்தான் ஏறுகிறது.

உள்ளே விலை எப்படி என்று தோராயமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பருவமும் கொஞ்சம் கூடும். சாதாரண ஹொட்டோக் எட்டு டொலர் அளவில், கோலா ஆறேழு டொலர், சோளப்பொரி எட்டு. உயரமான தகர பியர் பதின்மூன்று பதினைந்து டொலர், அதே தகரம் எல்சிபிஓ என்ற மாகாண அரசின் மதுக்கடையில் மூன்று டொலருக்கு முன்பின்தான். நான்கு பேருக்கு ஆளுக்கொரு ஹொட்டோக், ஆளுக்கொரு கோலா, இரண்டு சோளப்பொரி என்றால் எழுபத்தைந்து டொலரை நெருங்கும். அதற்கு மேல் 13 வீத வரி வந்தால் எண்பத்தைந்து. பிறகு அட்டை இயந்திரம் ரிப், அதாவது விற்பவருக்கான அன்பளிப்பு, கேட்கும். கவுண்டரில் எடுத்துத் தருவதற்கு ரிப் கட்டாயமில்லை. திரையில் ‘ரிப் இல்லை’ என்பதை அழுத்தினால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இருக்கைக்கே தூக்கி வந்து விற்பவருக்குக் கொடுப்பது நல்ல பழக்கம். தாள் காசு செல்லாது, அட்டை மட்டும்தான். பிள்ளையின் கையில் இருபது டொலரைக் கொடுத்து வரிசைக்கு அனுப்பிப் பயனில்லை.

இனி என்ன கொண்டுபோவது என்று பார்ப்போம். குடிப்பது மூடி உடைக்காத பிளாஸ்டிக் போத்தலில் இருக்க வேண்டும், அளவு 600 மில்லிலீற்றருக்கு மேல் போகக்கூடாது. கண்ணாடி, தகரம், மதுவகை மூன்றும் முடியாது. எவர்சில்வர் போத்தலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வாசலில் நின்று வாதாடினால் பின்னால் வரிசை நிற்கும், கடைசியில் போத்தலை எறிந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டிவரும். ஆளுக்கொரு போத்தல் வெள்ளைத்தண்ணி போதும், முடிந்ததும் உள்ளே குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளுங்கள். சாப்பாடு சுற்றியோ மூடியோ இருக்க வேண்டும். பை சிறிய துணிப்பையாக இருக்கட்டும். 16க்கு 16க்கு 8 அங்குலம் என்பது பேஸ்போல் மைதானங்களில் வழக்கமான எல்லை. கெட்டியான குளிர்பெட்டி கொண்டுபோக வேண்டாம். விதிகள் பருவத்துக்குப் பருவம் மாறும், புறப்படும் நாளில் அணியின் இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நம்மவர் கடைகள் நிறைந்த, நகரின் கிழக்கே உள்ள ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு இதைவிட வசதி வேறு யாருக்கும் இல்லை என்பேன். நம் கடை ரோல்ஸ் இரண்டு டொலருக்கு முன்பின். நான்கு பேருக்குப் பத்து ரோல்ஸ், அதில் மரக்கறி ரோல்ஸ் நான்கு, நான்கு பணிஸ், ஒரு பை மிக்சர், வெட்டிய அப்பிள் அல்லது திராட்சை. தண்ணியோடு சேர்த்தும் நாற்பது டொலரைத் தாண்டாது, வயிறும் நிறையும். சோறு கறி வேண்டாம். அங்கே மேசை கிடையாது, மடியில் வைத்துத்தான் சாப்பிட வேண்டும். மேல்தட்டு 500ஆம் இலக்க இருக்கைகள் செங்குத்தாக, முழங்கால் இடிக்கும் நெருக்கத்தில் இருக்கும். யாராவது எழுந்து வழிகேட்டால் குழம்பு முன்வரிசைக்காரரின் முதுகில்தான். கொத்து ரொட்டியும் அப்படியே. கூரை மூடியிருக்கும் நாளில் அதன் வாசம் நாலு வரிசைக்குப் போகும்.

ரோல்ஸைச் சுடச்சுடப் பெட்டியில் போட்டு மூடினால் ஆவி அடித்து மேல் தூள் ஊறி, கையில் எடுத்ததும் தோல் கழன்று வரும். முதலில் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். ஒவ்வொன்றையும் கடதாசித் துவாயில் சுற்றி, மூடியைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள். இறைச்சியோ மீனோ மரக்கறியோ, சமைத்து வைத்தது சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக்கூடாது. இரவு ஆட்டம் வழக்கமாக 7:07க்குத் தொடங்கும். ஐந்தரைக்கு வீட்டை விட்டால், ஏழுக்கு இருக்கையில் அமர்ந்ததும் ரோல்ஸை முடித்துவிடுங்கள். பேஸ்போல் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ்; மிக்சர், பழம் இவற்றைப் பின் இன்னிங்ஸ்களுக்கு வைத்துக்கொள்ளலாம். பந்து எறிவதற்கு 2023இல் நேர எல்லை வைத்த பிறகு ஆட்டம் சராசரி இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிறது. முந்தியைப்போல இரண்டு வேளைச் சாப்பாடு தேவையில்லை.

கட்டிக்கொண்டு வர நேரம் இல்லையென்றால், மைதானத்துக்கு வெளியே ஹொட்டோக் வண்டிகள் நிற்கும், உள்ளே விற்பதைவிட மலிவு. வாங்கிச் சுற்றி உள்ளே கொண்டுபோகலாம். யோர்க் வீதியில் லோங்கோஸ் பலசரக்குக் கடையும் நடை தூரத்தில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு உள்ளே ஒன்றாவது வாங்கித்தர வேண்டும் என்று இருந்தால் செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு ரிக்கெற் எடுங்கள். அண்மைப் பருவங்களில் அன்று லூனி டோக் இரவு, ஒரு டொலருக்கு ஒரு ஹொட்டோக் (லூனி என்பது ஒரு டொலர்க் குற்றியின் பட்டப்பெயர்; கட்டுவது அட்டையில்தான்). ஓர் இரவில் ஐம்பதாயிரத்துக்கு மேல் விற்ற நாட்கள் உண்டு, எண்ணிக்கையைப் பெரிய திரையில் காட்டிக் கூட்டம் ஆரவாரிக்கும். ஆனால் முதல் இன்னிங்ஸுக்கு முன்னும் மூன்றாவது நான்காவதிலும் வரிசை பாம்பாக நீளும். கதவு திறந்ததும் போய் வாங்குவது உத்தமம்.

சில இறைச்சிகளையோ எல்லா இறைச்சியையுமோ சாப்பிடாதவர்கள் இதைக் கவனியுங்கள். ஹொட்டோக்கில் மாடோ பன்றியோ கலவையோ இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். பொரித்த உருளைக்கிழங்கு சைவம்தானே என்று புட்டீன் வாங்கிவிடாதீர்கள். மேலே ஊற்றும் கிரேவி பெரும்பாலும் மாட்டு அல்லது கோழிச் சாற்றில் செய்தது. வெறும் கிழங்கு வாங்கினாலும் கோழி பொரித்த எண்ணெயிலா என்று கேளுங்கள். மனைவிக்குப் பெரும்பாலும் பயமில்லாதது சோளப்பொரியும், இறைச்சி போடாமல் சீஸ் மட்டும் ஊற்றிய நாச்சோவும்.

பியர் குடிப்பதானால் ஒன்றோடு நிறுத்துவது பொக்கெற்றுக்கு நல்லது. ஒன்ராறியோவில் 19 வயது நிறைந்திருக்க வேண்டும். இளமையாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்பார்கள், நிரந்தர வதிவிட அட்டையோ கடவுச்சீட்டோ செல்லும். ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் தரமாட்டார்கள். ஏழாவது இன்னிங்ஸ் அளவில் விற்பனையை மூடிவிடுவார்கள்.

காரில் போகவே வேண்டாம். ஆட்ட நாளில் தரிப்பிடம் மட்டும் முப்பது நாற்பது டொலர் கேட்பார்கள், சாப்பாட்டில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். சுரங்க ரயிலில் கென்னடியில் ஏறி, புளோர்-யங்கில் மாறி, யூனியனில் இறங்கினால் மூடிய நடைபாதை வழியே மைதானம் வரை நடக்கலாம். 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு ரிரிசி எனப்படும் நகரப் பொதுப் போக்குவரத்து இலவசம்.

இன்னொன்று. பிள்ளைகளுக்கு விளையாட்டே இன்னும் புரியாது என்றால், முதலில் கிறிஸ்டி பிற்ஸ் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். ஹொக்கி அணியின் பெயரையே கொண்ட மேப்பிள் லீவ்ஸ் பேஸ்போல் அணி கோடையில் அங்கே ஆடும், பெரும்பாலும் ஞாயிறு பிற்பகல். கிறிஸ்டி சுரங்க ரயில் நிலையத்துக்கு எதிரே. அந்த ஆட்டங்கள் காலங்காலமாக நுழைவுக் கட்டணம் இன்றியே நடந்து வந்திருக்கின்றன. புல்மேட்டில் பாய் விரித்து இருக்கலாம். சோறு கறியை அங்கே கொண்டுபோங்கள், தொப்பியும் தண்ணியும் மறக்காமல்.