பழைய எஞ்சின் ஒயிலும் பொலித்தீனும் டீசலாகுமா?

கேள்வி: மஸ்கெலியாவில் கராஜ் வைத்திருக்கிறேன். கழற்றிய எஞ்சின் ஒயில் பரல் கணக்கில் சேர்கிறது. நுவரெலியாவில் மரக்கறி செய்யும் மச்சானிடம் கூடாரப் பொலித்தீனும் பசளைப் பைகளும் கிடக்கின்றன. இரண்டையும் மூடிய பரலில் காய்ச்சி டீசல் எடுக்கலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். செய்து பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். எரியக்கூடிய திரவம் வரும், ஆனால் அது டீசலாக இருக்காது.

காற்றுப் புகாமல் 400 பாகை செல்சியஸை ஒட்டிச் சூடாக்கினால் பொலித்தீன் சிதைந்து ஆவியாகும். அதைக் குளிர்வித்தால் பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல், மெழுகு நான்கும் கலந்து வடியும். பெற்றோல் கலந்திருப்பதால் அதன் ஆவி சாதாரண வெப்பத்திலேயே தீப்பிடிக்கும். தரமான டீசலின் ஆவி பற்றிக்கொள்ள 55 பாகையாவது வேண்டும். மெழுகோ நுவரெலியாவின் விடியற்காலைக் குளிரில் இறுகி ஃபில்டரை அடைக்கும். ஆலைகளில் வினையூக்கி போட்டு, காய்ச்சி வடித்து இவற்றைப் பிரிக்கிறார்கள். திரவமாகாத மீதேன், புரொப்பேன் வாயுக்களும் உண்டு. குழாய் அடைபட்டால் பரல் வெடிக்கும். அடைக்க சோடாப் போத்தல் பிளாஸ்டிக்கே போதும், அதன் ஆவி குழாய்க்குள் தூளாகப் படியும். பீவீசீ கலந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வரும். அது நுரையீரலையும் இரும்பையும் சேர்த்து அரிக்கும்.

ஒயிலின் ஆபத்து வேறு. அடியில் தங்கிய கொஞ்சத் தண்ணீர் திடீரென நீராவியாகிக் கொதிக்கும் ஒயிலை அடுப்பின் மேல் பொங்கவைக்கும். காய்ச்சிய பின் மிஞ்சும் கசடில் துத்தநாகமும் தேய்ந்த உலோகத்தூளும் இருக்கும். அதை எங்கே கொட்டுவீர்கள்? மஸ்கெலியா ஓயா களனி கங்கையில்தான் சேர்கிறது. கொழும்பு அந்த நீரைத்தான் குடிக்கிறது.

கழிவு ஒயில் ஏற்கனவே ஓர் எரிபொருள். அதை எரிக்கத் தகுந்த இடம் சிமெந்துச் சூளை: அங்கே மூலப்பொருளே 1450 பாகைவரை சூடாகிறது, உலோகங்களில் பெரும்பகுதி சிமெந்துக் கட்டியோடு பிணைந்துவிடும். புத்தளத்தில் கழிவுகளை இப்படிப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே ஒயிலை மூடியுள்ள தனிப் பரலில், மழை படாமல் வையுங்கள். பெற்றோல், பிரேக் ஒயில், கூலண்ட் எதையும் அதில் ஊற்றாதீர்கள்.

மச்சானின் பொலித்தீனை எரிபொருளாக்குவதைவிட மீள்சுழற்சிக்குக் கொடுப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. மண்ணைக் கழுவி, காயவைத்து, கூடாரத் தாளை வேறாகவும் பசளைப் பையை வேறாகவும் கட்டச் சொல்லுங்கள். பூச்சிமருந்துப் போத்தல்களை அவற்றோடு சேர்க்கவே கூடாது.

கழிவு ஒயில் 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி அபாயக் கழிவு. ஏற்றிப்போக வருபவரிடம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். காட்டாவிட்டால், எவ்வளவு விலை சொன்னாலும் பரலைக் கொடுக்காதீர்கள்.