இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ இசைத் தொகுப்பைச் சிலர் கொண்டாட, சிலர் ஒதுக்குவது ஏன்?

1986-இல் வந்த இத்தொகுப்பை அவர் கர்நாடக இசை மேதை தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசை மேதை பாஹுக்கும் காணிக்கையாக்கினார். பாட்டு வரிகள் கிடையாது என்பதே பலருக்கு முதல் ஏமாற்றம்.

புதுச்சேரியில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. கர்நாடக சங்கீதம் படித்த பெரியப்பாவுக்கு, வயலின் கமகத்தோடு (சுரங்களை அசைத்து வாசிக்கும் முறை) ராகத்தை விரிக்கும்போது அதன் கீழே மற்ற தந்தி வாத்தியங்களில் வேறு மெட்டுகள் நகர்வது இடைஞ்சல். ராகத்தின் பிடி தளர்ந்துவிடுகிறது என்பார். தேவாலயப் பாடகர் குழுவில் பாடும் என் தோழிக்கு அந்த நகர்வுதான் உயிர். ‘ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்’ இசையில் பாஹ் தனி வயலினுக்கு எழுதிய ‘பார்ட்டிட்டா’ என்ற இசைக்கோவை ஓட, அதன்மேல் நம்மூர் வயலின் வந்து சேரும் இடத்தில் பேச்சையே நிறுத்திவிடுவாள்.

நான் அவள் கட்சி. முதல்முறை கேட்பவர்கள் கீழே ஓடும் தந்தி வாத்தியங்களை மட்டும் பின்தொடருங்கள். அப்புறம் வயலினுக்கு வாருங்கள்.