மணிரத்னம் படங்களில் எது உங்களுக்கு மிகவும் பிடித்தது, ஏன்?

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனில் யாரைக் கேட்டாலும் ‘நாயகன்’ (1987) என்பார்கள். கமல் நடிப்புக்காக அதை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்றைத்தான் சொல்லவேண்டும் என்றால், 2002இல் வந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’.

தத்துப்பிள்ளை என்று தெரிந்ததும், பெற்றவளைத் தேடி இலங்கைக்குப் போகிறாள் சிறுமி அமுதா. ராமேஸ்வரம் முகாமில் அவளைப் பெற்று விட்டுவிட்டுப் போனவள் அந்தத் தாய். கடைசியில் இருவரும் சந்திக்கும்போது, மனதில் இருந்த கேள்விகளை அமுதா ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். தாயாக நடிக்கும் நந்திதா தாஸால் பெரும்பாலானவற்றுக்கு வாய் திறக்க முடிவதில்லை. மழை கொட்டுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அங்கே என் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இங்கே டர்பனில் பிறந்த தமிழர்களுக்கு அது வேறுமாதிரியும் வலிக்கும். 1860இல் மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கிய ஊர் இது. கப்பல் பதிவேட்டில் ஒரு எண், பெயர், வயது, கிராமம், அவ்வளவுதான் மிச்சம். என் ஆயா சாகும்வரை தன் பாட்டியின் ஊர் எது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள வீட்டில் அவரோடு இந்தப் படம் பார்த்தபோது, அமுதாவின் கேள்விகளுக்கு அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ரஹ்மான் இசை, அமுதாவாக நடித்த கீர்த்தனா, இரண்டுக்கும் தேசிய விருது கிடைத்தது. சரி, போர்க்காட்சிகள் சற்று அவசரமாக வந்துபோகின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த மழைக்காட்சிக்காக அதைப் பொறுத்துக்கொள்வேன்.