45 நிமிடம் இப்போதைக்கு வேண்டாம், 4 நிமிடத்தில் தொடங்குங்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. உயரம் 158 செ.மீ., எடை 112 கிலோ. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் தைக்கிறேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு முழங்காலிலும் வலி, வலது காலில் அதிகம். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "தேய்மானம் இருக்கிறது. எடையைக் குறையுங்கள், தினமும் 45 நிமிடம் நடங்கள்" என்றார். கிரவுண்டுக்குப் போய் மூன்று நாள் நடந்தேன். நாலாம் நாள் முழங்கால் வீங்கி, ஒரு வாரம் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. நடந்தால் வலி, நடக்காவிட்டால் எடை ஏறுகிறது. எங்கிருந்துதான் தொடங்குவது? மகளுக்கு நல்ல வரன் அமைந்தால் பழனிக்குப் படியேறி வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். அது நடக்குமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில் (இயன்முறை மருத்துவர்):

சகோதரி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கால் வீங்கியதற்கு உங்கள் மன உறுதி குறைந்தது காரணம் இல்லை. கொடுத்த அளவு தப்பு. 45 நிமிடம் என்பது போய்ச் சேர வேண்டிய இடம். எங்கே தொடங்குவது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கணக்கைப் பாருங்கள். சமதரையில் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மூட்டு நம் எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு சுமையைத் தாங்குகிறது. உங்கள் எடைக்கு அது 280 கிலோ. 45 நிமிட நடையில் ஒவ்வொரு காலும் ஏறக்குறைய இரண்டாயிரம் முறை தரையில் பதியும். அதுவரை அடுப்படிக்கும் தையல் மிஷினுக்கும் இடையில் மட்டுமே நடந்து பழகிய கால்களுக்கு ஒரே நாளில் இவ்வளவு வேலை வைத்தால் வீங்காமல் என்ன செய்யும்?

'தேய்மானம்' என்ற சொல் நிறையப் பேரைப் பயமுறுத்தி வைத்திருக்கிறது. செருப்பு தேய்வது போல நடக்க நடக்க மூட்டும் தேய்ந்துகொண்டே போகும் என்று நினைத்துவிடுகிறோம். மூட்டு அப்படி வேலை செய்வதில்லை. எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அழுத்தும்போது ஸ்பாஞ்சு போலப் பிழிந்து, விடும்போது மூட்டு நீரை உறிஞ்சித்தான் அது ஊட்டம் பெறுகிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு. எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரிந்தும் நன்றாக நடப்பவர்கள் இருக்கிறார்கள், படம் நன்றாக இருந்தும் வலியில் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அந்தப் படத்தை வைத்து உங்கள் நடையை முடிவு செய்ய வேண்டாம். தாங்கும் அளவில் நடந்தால் மூட்டு கெடாது.

தொடங்கும் முன் டாக்டரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். நடந்தால் நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வருகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, காலில் ஆறாத புண் இருக்கிறதா, முழங்கால் சிவந்து சூடாக இருக்கிறதா, நடுவில் பூட்டிக்கொள்கிறதா, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறதா? இதில் எது இருந்தாலும் முதலில் அதைப் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும் என்றால் நடையால் சர்க்கரை தாழ்ந்துபோவது அரிது. கிளிமிபிரைடோ இன்சுலினோ சேர்ந்திருந்தால் வெறும் வயிற்றில் நடக்காதீர்கள், கையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் இரண்டு வாரம் நடையை விடத் தொடைக்குத்தான் முக்கியத்துவம். முன்தொடைத் தசை வலுவாக இருந்தால் தரையில் கால் பதியும் அதிர்ச்சியை அதுவே வாங்கிக்கொள்ளும், முழங்காலுக்குப் போவது குறையும். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்துங்கள். ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து தடவை, காலையும் மாலையும். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்போதுதான் மூச்சை அடக்க மாட்டீர்கள். பிரஷர் இருப்பவர்கள் மூச்சை அடக்கித் தம் கட்டக் கூடாது. நாலைந்து நாளில் அது பழகியதும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை மெல்ல நீட்டி, ஐந்து எண்ணி, இறக்குங்கள்.

அப்புறம் நான் எல்லோரையும் செய்யச் சொல்வது உட்கார்ந்து எழுவது. கைப்பிடி உள்ள, உயரமான மர நாற்காலி அல்லது இரும்பு நாற்காலி, சுவரோடு ஒட்டிப் போட்டது. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், கால் விரிந்து சறுக்கும். மேலே ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கையை ஊன்றியே ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். வாரங்கள் போகப் போகக் கை ஊன்றுவதைக் குறையுங்கள், பிறகு தலையணையை எடுத்துவிடுங்கள். வீட்டில் வேறு எந்தக் கருவியும் தேவையில்லை. கமோடிலிருந்து எழுவதும் பஸ் சீட்டிலிருந்து எழுவதும் லேசாகும்போது பலன் உங்களுக்கே தெரியும்.

இப்போது நடை. வலி சாதாரணமாக இருக்கும் ஒரு நாளில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வீட்டு வாசலில் உங்கள் வழக்கமான வேகத்தில் நடங்கள். வலி ஏறத் தொடங்கும் இடத்திலோ, கால் சாய்த்து நடக்கத் தோன்றும் இடத்திலோ நின்றுவிடுங்கள். ஆறு நிமிடம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 4 நிமிடம், உங்கள் தொடக்க அளவு. காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை மாத்திரை போலப் பிரித்து, வேளைக்கு 4 நிமிடம் நடங்கள். இன்னும் முடிகிறது என்று தோன்றினாலும் நிறுத்துங்கள். இதுதான் ரொம்பக் கஷ்டம். நன்றாக இருக்கும் நாளில் இருமடங்கு நடந்துவிட்டு மறுநாள் படுத்துவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு வேளைக்கும் ஒரு நிமிடம் மட்டும் கூட்டுங்கள். ஏழாவது வாரம் வேளைக்கு 10 நிமிடம், நாளைக்கு 30 நிமிடம். வாரத்தில் ஐந்து நாள் என்றால் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவும் வாரத்துக்கு 150 நிமிடம்தான். ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2020இல் வந்த வழிகாட்டுதலில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆக, பிரித்துப் பிரித்து நடப்பதை அரைகுறை நடை என்று நினைக்காதீர்கள். வேகம் எவ்வளவு என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. உங்கள் எடையில் மெதுவாக நடந்தாலே இந்த நிலை வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் வேகம் உங்களுக்கு வேண்டாம்.

பத்தாயிரம் அடி என்ற கணக்கையும் மறந்துவிடுங்கள். அது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவர்கள் கணக்குப் போட்டு முடிவு செய்த எண் இல்லை அது.

அளவு சரியா தப்பா என்பதை யாரிடமும் கேட்க வேண்டாம், மறுநாள் காலை உங்கள் முழங்காலே சொல்லும். நடக்கும்போது வலி பத்துக்கு மூன்று, நாலு என்ற அளவில் இருந்தால் பயமில்லை. மறுநாள் எழுந்து முதல் பத்து அடி வைக்கும்போது வழக்கமான வலிதான் என்றால் அதே அளவைத் தொடரலாம். வழக்கத்தை விடக் கூடுதல் வலியோ வீக்கமோ இருந்தால் அன்றைக்குப் பாதி அளவு. கவனியுங்கள், பாதிதான், முழு ஓய்வு இல்லை. 4 நிமிடம் 2 நிமிடமாகட்டும். துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் தணிந்ததும் பழைய அளவுக்குத் திரும்புங்கள். தொடையில் ஏற்படும் கடுகடுப்பு வேறு, அது தசை வேலை செய்ததன் அடையாளம், இரண்டு நாளில் போய்விடும். இதற்காக மெடிக்கல் கடையில் கேட்டு தினமும் டைக்ளோஃபினாக் வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். பிரஷரும் சர்க்கரையும் இருக்கும் உடம்பில் அது பிரஷரை ஏற்றும், கிட்னியைக் கெடுக்கும்.

எங்கே நடப்பது? மொட்டை மாடி வேண்டாம், அதற்கே படி ஏறி இறங்க வேண்டும். தெரு ஓரம் சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும், ஒரு கால் பள்ளத்திலும் ஒரு கால் மேட்டிலும் பட்டுக்கொண்டே இருக்கும். வண்டி வராத நேரத்தில் தெருவின் நடுவே போய் வாருங்கள். இருட்டாக இருந்தால், கூட்டம் பார்க்கிறது என்று கூச்சமாக இருந்தால், வீட்டு ஹாலிலேயே நடங்கள். இருபது அடி ஹால் போதும், திரும்பும் இடத்தில் மட்டும் முழங்காலைத் திருகாமல் வளைந்து திரும்புங்கள். கோயில் பிரகாரம் சமதரைதான், ஆனால் வெறுங்காலோடு கருங்கல்லில் நடப்பது குதிகாலுக்கும் ஆகாது, சர்க்கரை உள்ள பாதத்துக்கும் ஆகாது. தோட்டத்துத் தொட்டியோ நீச்சல் குளமோ கிடைத்தால் விடாதீர்கள். இடுப்பளவு தண்ணீரில் காலுக்குப் பாதி எடைதான் தெரியும்.

ஹவாய் செருப்பு நடைக்கு உதவாது, கழன்றுவிடாமல் இருக்க விரல் அதை இறுக்கிக்கொண்டே இருக்கும். பின்வார் உள்ள எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்பு அல்லது முன்பக்கம் அகலமான ஷூ வாங்குங்கள். குனிந்து லேஸ் கட்ட முடியாவிட்டால் ஒட்டும் பட்டை உள்ளது இருக்கிறது. சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கி முழு அளவில் இருக்கும். தினமும் இரவு பாதத்தைப் பாருங்கள், அடிப்பாகம் தெரியாவிட்டால் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கைத்தடி பிடிக்க வெட்கப்படாதீர்கள். வலது முழங்கால்தான் மோசம் என்பதால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலிக்கும் பக்கத்துக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடப்பவர்கள் ஏராளம், அதில் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

நீங்கள் எழுதாத இரண்டு விஷயங்கள். இந்த எடையில் நடக்கும்போது தொடை உரசிப் புண்ணாகும். புடவைக்குள் முழங்கால் வரை காட்டன் லெக்கிங்ஸ் போட்டு, உரசும் இடத்தில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். இன்னொன்று, வேகமாக நடந்தால் சிறுநீர் கசிவது. இதை வெளியே சொல்லாமல் நடையையே விட்டுவிட்ட பெண்கள் பலர். சிறுநீரை நடுவில் அடக்குவது போல அந்தத் தசைகளை இறுக்கி, ஐந்து எண்ணித் தளர்த்தும் பயிற்சியைச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது செய்தால் சில மாதங்களில் நன்றாகக் குறையும்.

உங்கள் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. மிஷின் முன்னால் முழங்காலை மடக்கியே மணிக்கணக்கில் உட்கார்ந்தால் எழும்போது மூட்டு பிடித்துக்கொள்ளும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஒரு நிமிடம் நில்லுங்கள். துணி வெட்டுவதைத் தரையில் உட்கார்ந்து செய்கிறீர்கள் என்றால் இன்றைக்கே ஒரு மேஜைக்கு மாற்றிவிடுங்கள்.

எடையைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். நடையால் மட்டும் எடை பெரிதாகக் குறையாது. அரை மணி நேர மெதுநடையில் நீங்கள் செலவழிப்பது 150 கலோரியைச் சுற்றித்தான், ஒரு மெதுவடையும் ஒரு காபியும் அதை ஈடுகட்டிவிடும். எடை குறைவது தட்டில். சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் காயும் பருப்பும் முட்டையும் மீனும் வர வேண்டும். ஆனால் குறையும் ஒவ்வொரு கிலோவும் முழங்காலுக்குப் பெரிய நிம்மதி. ஒரு கிலோ இறங்கினால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் சுமை சுமார் 4 கிலோ இறங்குகிறது என்று 2005இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. பத்து கிலோ குறைந்தால் அடிக்கு 40 கிலோ. அதற்கு 70 கிலோவுக்கு வந்தாக வேண்டும் என்றில்லை, 102 போதும். சர்க்கரையோடு இந்த எடையில் இருப்பவர்களுக்குப் பசியைக் குறைக்கும் ஊசிகளும் எடை குறைப்பு அறுவை சிகிச்சையும்கூட மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கக்கூடிய வழிகள். கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

கடைசியாகப் பழனி. ஏறத்தாழ 700 படி. படி ஏறும்போது முழங்கால் சுமை எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல், இறங்கும்போது அதைவிடவும் கூடுதல். ஏறும்போது மூச்சு வாங்குவதால் ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைக்கிறோம், முழங்கால் அடி வாங்குவது இறங்கும்போதுதான். அதனால் இப்போது வேண்டாம். சமதரையில் ஒரே நடையாக 30 நிமிடம் போய், மறுநாள் காலை முழங்கால் அமைதியாக இருக்கும் நாள் வரட்டும். ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம். பிறகு வீட்டுப் படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து ஏறியும் வலிக்கும் காலை முதலில் வைத்து இறங்கியும் பழகுங்கள். மலைக்குப் போகும் அன்று வெயில் ஏறும் முன் சரிவாகப் போகும் யானைப்பாதை வழியாக, தடியோடு, மண்டபத்துக்கு மண்டபம் உட்கார்ந்து ஏறுங்கள். இறங்குவதற்கு விஞ்ச் (இழுவை ரயில்) டிக்கெட் எடுத்துவிடுங்கள். ஏறி வருவதாகத்தானே வேண்டிக்கொண்டீர்கள்.